நான்கா, ஐந்தா, எட்டா? ஆங்கிலச் சொல்வகைகள் பற்றி ஒரு விளக்கம்



சென்ற விடுமுறையில் திருப்பதியிலுள்ள என் தமக்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். மாலை வேளை. ஆறாம் வகுப்பிற் படிக்கும் என் மருமகள் கூடத்தில் மூன்று நோட்டுப் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். சங்கதி என்னவென்று கேட்டேன்.

"மாமா, சொல் எத்தனை வகை? தாத்தா நாலு என்கிறார். தெலுங்கு டீச்சர் அஞ்சு என்கிறார். இங்கிலீஷ் டீச்சர் எட்டு என்கிறார். இதிலே யார் சொல்வது தப்பு?" என்றாள்.

வீட்டிலிருந்த பெரியவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. தமிழ்நாட்டுக்கு வெளியே குடியிருந்து, வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, பாடத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கிடையே வளரும் ஒவ்வொரு தமிழ்க் குழந்தையும் என்றோ ஒருநாள் சந்திக்கும் கேள்வி அது. விடை சொல்ல வேண்டியவர்கள் நாம். ஆகையால் அன்று அவளுக்குச் சொன்னதையே இன்று சற்று விரித்து உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

நான் சித்தூரில் பிறந்து வளர்ந்தவன். இப்போது மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாக வடக்கே பணி செய்பவன். எனவே உங்களைப் போன்று வெளி மாநிலத்து வாசிதான். எங்கள் ஊர்ப்பக்கம் மொழிகள் கலந்து வாழும் பக்கம். 1911 ஆம் ஆண்டில் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உண்டாக்கப்பட்டபோதே தமிழும் தெலுங்கும் ஒரே தெருவிற் பேசப்பட்டன. 1953 ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி ஆந்திர மாநிலம் தோன்றியது. எல்லை பற்றிய வழக்குகள் நடந்தன. 1960 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022 ஆம் ஆண்டு ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் பலமுறை மாறின. அடுத்தடுத்த வீட்டுக்காரர்களின் பேச்சு மாறவில்லை. திருத்தணியில் 1888 ஆம் ஆண்டில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் சிறு வயதில் திருப்பதியிலிருந்த கிறிஸ்தவ மிஷன் பள்ளியிற் படித்தவர். 1919 ஆம் ஆண்டில், அப்போது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியில் தங்கியிருந்த காலத்திலேதான் இரவீந்திரநாத தாகூர் 'ஜன கண மன' பாடலை ஆங்கிலத்திற் பெயர்த்தார். மொழிபெயர்ப்பு என்பது அந்த மண்ணுக்குப் புதியதன்று.

இனி, கேள்விக்கு வருவோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். சொல்வகை என்பது கல்லில் வெட்டிய கணக்கன்று. ஒரு மொழியின் இயல்பைக் கண்டு, கற்பவருக்கு வசதியாக இலக்கண ஆசிரியர்கள் செய்த பகுப்பு அது. ஒரே வீட்டுச் சாமான்களை ஒருவர் நான்கு பெட்டியில் அடுக்கலாம். மற்றொருவர் எட்டுப் பெட்டியில் அடுக்கலாம். சாமான் ஒன்றும் குறைவதில்லை.

தமிழ் மரபில் சொல் நான்கு: பெயர், வினை, இடை, உரி. தொல்காப்பியம் பெயரையும் வினையையும் தலைமையாகக் கொண்டு, இடையும் உரியும் அவற்றைச் சார்ந்து வருவன என்று கொண்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூலும் இந்நான்கையே வகுத்து விளக்குகிறது. வடமொழியில் யாஸ்கர் தம் நிருக்தத்தில் நாமம், ஆக்கியாதம், உபசர்க்கம், நிபாதம் என நான்கு கூறினார். பாணினியோ சொற்களைப் பெயர் விகுதி ஏற்பன, வினை விகுதி ஏற்பன என்று இரண்டிலேயே அடக்கிவிட்டார்.

தெலுங்குப் பள்ளிப் புத்தகங்களில் ஐந்து காண்போம்: நாமவாசகம், சர்வநாமம், விசேஷணம், கிரிய, அவ்யயம்.

ஆங்கிலத்தின் எட்டு எங்கிருந்து வந்தது? அது கிரேக்க நாட்டுச் சரக்கு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தியொனீசியஸ் திராக்ஸ் என்பவரின் பெயரால் வழங்கும் சிறு நூலொன்று கிரேக்கச் சொற்களை எட்டாக வகுத்தது. உரோமானியர் அதைத் தம் இலத்தீனுக்கு எடுத்தாண்டனர். கிரேக்கத்தில் 'தி' என்பது போன்ற சுட்டுச் சொல் உண்டு. இலத்தீனில் அது இல்லை. ஓர் இடம் காலியாயிற்று. எட்டு என்ற கணக்கு கெடக்கூடாதென்று வியப்புச் சொல்லைத் தனி வகையாக்கி அங்கே அமர்த்தினர். ஆங்கிலேயர் தம் மொழிக்கு இலக்கணம் எழுதியபோது இலத்தீன் சட்டையையே போட்டுப் பார்த்தனர். 1795 ஆம் ஆண்டில் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற லிண்ட்லி மரேயின் இலக்கணம் ஒன்பது வகை சொன்னது. நம் நாட்டுப் பள்ளிகளில் பரவிய நெஸ்ஃபீல்டின் நூலும், 1930களில் தோன்றிய ரென், மார்ட்டின் இருவரின் நூலும் எட்டையே நிலைநாட்டின. 1920 ஆம் ஆண்டில் வெளியான காமதா பிரசாத் குருவின் இந்தி இலக்கணமும் எட்டு வகையே கூறுகிறது. எனவே தில்லியிலோ போபாலிலோ படிக்கும் உங்கள் குழந்தை இந்தியிலும் எட்டு, ஆங்கிலத்திலும் எட்டு என்று படித்து வரும்.

இனி அந்த எட்டையும் அறிவோம். ஒரே வாக்கியத்தில் எட்டும் வரும்படி அமைத்துக் கொள்ளலாம்:

"ஓ! ஹீ வென்ட் குவிக்லி டு ஓல்ட் திருப்பதி அண்ட் பாட் ஃப்ளவர்ஸ்."

தமிழில், "ஆ! அவன் விரைவாகப் பழைய திருப்பதிக்குப் போய்ப் பூக்கள் வாங்கினான்" என்போம்.

திருப்பதி, ஃப்ளவர்ஸ் என்பவை நௌன், நம் பெயர்ச்சொல். 'ஹீ' என்பது ப்ரோநௌன். பெயருக்குப் பதிலாக நிற்பது. இதைப் பழைய பாடநூல்கள் பிரதிப்பெயர் என்றன. இன்று மாற்றுப்பெயர் என்றும் சொல்வர். 'ஓல்ட்' என்பது அட்ஜெக்டிவ். பெயரின் தன்மையைக் கூறும் பெயரடை. 'வென்ட்', 'பாட்' என்பவை வெர்ப், வினைச்சொல். 'குவிக்லி' என்பது அட்வெர்ப். வினை நிகழ்ந்த விதத்தைக் கூறும் வினையடை. 'டு' என்பது ப்ரெபொசிஷன், முன்னிடைச்சொல். 'அண்ட்' என்பது கன்ஜங்ஷன், இணைப்புச்சொல். 'ஓ' என்பது இன்டர்ஜெக்ஷன், வியப்பிடைச்சொல்.

இப்போது மூன்று கணக்கையும் ஒத்துப் பாருங்கள். ஆங்கிலத்தின் நௌன், ப்ரோநௌன், அட்ஜெக்டிவ், வெர்ப் ஆகிய நான்கும் தெலுங்கின் முதல் நான்கோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்துகின்றன. எஞ்சிய அட்வெர்ப், ப்ரெபொசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன் என்ற நான்கும், உருவம் மாறாத சொற்கள் என்ற பொருளில், தெலுங்கில் அவ்யயம் என்ற ஒரே தலைப்பில் அடங்குகின்றன. நான்கும் ஒன்றும் ஐந்து. நான்கும் நான்கும் எட்டு. தமிழிலோ, நௌனும் ப்ரோநௌனும் பெயர்ச்சொல்லிலேயே அடங்கும்; 'அவன்' என்பதும் நமக்குப் பெயர்தான். இணைப்பும் வியப்பும் வேற்றுமை உருபும் இடைச்சொல்லில் அடங்கும். தாத்தாவும் தப்புச் சொல்லவில்லை. டீச்சர்களும் தப்புச் சொல்லவில்லை. அவரவர் பெட்டிக் கணக்கு வேறு.

ஒரே ஓர் எச்சரிக்கை. பழைய பாடநூல்கள் அட்ஜெக்டிவ் என்பதைப் பெயருரிச்சொல் என்றும், அட்வெர்ப் என்பதை வினையுரிச்சொல் என்றும் மொழிபெயர்த்தன. நம் இலக்கணத்து உரிச்சொல் வேறு. 'நனி', 'தவ' போலச் செய்யுளில் வந்து குணம் உணர்த்தும் சொற்களே அங்கே உரிச்சொல் எனப்படும். பெயர் ஒற்றுமை கண்டு மயங்காமலிருக்கவே பெயரடை, வினையடை என்ற சொற்களை இன்று ஆள்கிறோம்.

இன்னொரு மயக்கத்தையும் இங்கே நீக்கிவிட வேண்டும். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்பவை சொல்வகைகள் அல்ல. வாக்கியத்தில் சொல் வகிக்கும் பதவிகள். ஃப்ளவர்ஸ் என்பது எங்கே நின்றாலும் பெயர்ச்சொல்தான். 'பூக்கள் வாடின' என்றால் அது எழுவாய். 'பூக்கள் வாங்கினான்' என்றால் அது செயப்படுபொருள். தெலுங்கில் இவற்றைக் கர்த்த, கர்ம என்பர். ஆளுக்குப் பெயர் ஒன்று, உத்தியோகம் ஒன்று இருப்பது போல என்று குழந்தைக்குச் சொல்லுங்கள், எளிதில் விளங்கும்.

மேலே கூறிய வாக்கியத்தை மறுபடியும் நோக்குங்கள். ஆங்கிலத்தில் 'டு' என்பது திருப்பதிக்கு முன்னே தனியே நிற்கிறது. தமிழில் 'கு' என்ற உருபு திருப்பதிக்குப் பின்னே ஒட்டிக்கொள்கிறது. தெலுங்கிலும் 'திருப்பதிகி' என்று பின்னேயே வரும். 'இன் திருப்பதி' என்பது நமக்குத் 'திருப்பதியில்', தெலுங்கருக்குத் 'திருப்பதிலோ'. இந்தியிலும் மராத்தியிலும் வங்கத்திலும் இப்படிப் பின்னேதான் வருகின்றன. ஆகவே உங்கள் குழந்தை எந்த மாநிலத்திற் படித்தாலும், அதன் காதுக்குப் பழகிய மொழிகள் பெரும்பாலும் பின்னே ஒட்டுபவை; ஆங்கிலம் முன்னே வைப்பது. ப்ரெபொசிஷன் என்ற சொல்லுக்கே முன்னே வைக்கப்படுவது என்றுதான் பொருள்.

இன்னும் ஒரு தொல்லை உண்டு. நம் உருபுகள் சில; அவர்கள் முன்னிடைச்சொற்கள் பல. சித்தூரில் என்றாலும் ஸ்டேஷனில் என்றாலும் நமக்கு 'இல்' ஒன்றே போதும். ஆங்கிலத்தில் ஊருக்கு 'இன்', ஸ்டேஷனுக்கு 'அட்'. காலத்திலும் அப்படியே: ஐந்து மணிக்கு 'அட்', திங்கட்கிழமைக்கு 'ஆன்', ஜூன் மாதத்திற்கு 'இன்'. இவற்றைச் சூத்திரமாக நெட்டுருப் போடுவதைவிட, 'அட் ஃபைவ்', 'ஆன் மண்டே', 'இன் ஜூன்' என்று சோடி சோடியாக வாய்விட்டுச் சொல்லிப் பழக்குவதே பயன் தரும்.

அடுத்து 'அண்ட்'. ஆங்கிலத்தில் 'வென்ட் அண்ட் பாட்' என்று இரண்டு முற்றுவினைகளை ஓர் இணைப்புச் சொல் கட்டுகிறது. தமிழில் 'போய் வாங்கினான்' என்று முதல் வினையை எச்சமாக்கிவிடுகிறோம். கட்டுவதற்குக் கயிறே தேவையில்லை. தெலுங்கும் 'வெள்ளி கொன்னாடு' என்று நம்மைப் போலவே செய்யும். பெயர்களை இணைக்கும்போது நாம் 'தாயும் தந்தையும்' என்று 'உம்' சேர்ப்போம். தெலுங்கர் 'தல்லீ தண்ட்ரீ' என்று ஈற்றுயிரை நீட்டுவர். ஆங்கிலேயரோ 'மதர் அண்ட் ஃபாதர்' என்று நடுவே தனிச்சொல் வைப்பர். ஒரே காரியத்தை உம்மையாலும் நீட்டத்தாலும் தனிச்சொல்லாலும் செய்கிறார்கள்.

தமிழும் தெலுங்கும் இவ்வாறு உள்ளமைப்பில் ஒத்திருப்பது தற்செயலன்று. 1816 ஆம் ஆண்டில் சென்னையில் வெளியான காம்பெல் என்பாரின் தெலுங்கு இலக்கண நூலுக்கு முன்னுரைக் குறிப்பு எழுதிய எல்லிஸ் துரை, தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவை ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை வேர்ச்சொற்களால் நிறுவினார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1856 ஆம் ஆண்டில் கால்டுவெல் ஐயர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் அதை விரிவாக்கினார். ஆகையால் ஆந்திரத்திற் படிக்கும் தமிழ்க் குழந்தைக்குத் தெலுங்கு பாரமன்று. ஆங்கிலத்தைத் தூரத்தில் வைத்துப் பார்க்க உதவும் இரண்டாவது கண்.

மாற்றுப்பெயர்களில் மட்டும் இம்மூன்று மொழிகளும் வெவ்வேறு வழியிற் செல்கின்றன. தமிழ் உயர்திணை, அஃறிணை என்று பிரித்து, உயர்திணை ஒருமையில் ஆண், பெண் என வகுக்கிறது: அவன், அவள், அது. ஆங்கிலத்திலும் ஹீ, ஷீ, இட் என்று மூன்று உண்டு. தெலுங்கிலோ ஒருமை வினையில் ஆடவர் ஒரு பக்கம். பெண்டிரும் அஃறிணையும் மற்றொரு பக்கம். அதனால் 'அம்ம வச்சிந்தி', 'பஸ்ஸு வச்சிந்தி' என இரண்டுக்கும் ஒரே வினைமுற்று வரும். மரியாதை காட்ட வேண்டுமாயின் பன்மையில் 'வச்சாரு' என்பர். எங்கள் தெருவில் தெலுங்குத் தோழர்களோடு விளையாடிவிட்டு வரும் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் 'அம்மா வந்தது' என்று சொல்லிப் பாட்டியிடம் திட்டு வாங்கியதுண்டு. பிள்ளைகளின் மேல் குற்றமில்லை. ஒரு மொழியின் சட்டத்தை மற்றொரு வீட்டில் செலுத்திவிட்டார்கள்.

'வி' என்ற ஆங்கிலச் சொல்லிலும் ஒரு குறை உண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் நாம். சேர்க்காமற் சொன்னால் நாங்கள். தெலுங்கில் மனமு, மேமு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வி' ஒன்றே. அலுவலகக் கடிதங்களை மொழிபெயர்க்கையில் இந்த ஒரு சொல்லுக்காக நான் பேனாவைக் கீழே வைத்து யோசித்த நாட்கள் பல. 'வி மஸ்ட் பே' என்றால் பணம் கட்ட வேண்டியவர்கள் எழுதியவர்கள் மட்டுமா, படிப்பவரும் சேர்ந்தா?

ஆங்கிலத்தில் மாற்றுப்பெயரை விட்டுவிட முடியாது என்பதையும் குழந்தைக்குச் சொல்ல வேண்டும். 'வந்தேன்' என்றால் வந்தவன் நான் என்பது விகுதியிலேயே தெரிகிறது. தெலுங்கில் 'வச்சானு' என்றாலும் அப்படியே. ஆங்கிலத்தில் 'கேம்' என்றால் யார் வந்தார் என்பது தெரியாது. 'ஐ கேம்' என்றே சொல்ல வேண்டும். மழை பெய்கிறது என்பதற்குக்கூட எழுவாய் இல்லாமல் நடவாது. 'இட் இஸ் ரெய்னிங்' என்று ஒரு 'இட்' வைத்தாக வேண்டும்.

இனி நான் சொல்லப்போவதே இப்பேச்சின் முக்கியமான பகுதி. ஆங்கிலத்தில் ஒரு சொல் இன்ன வகை என்று அதன் முகத்தில் எழுதி ஒட்டியிராது. 'வாட்டர்' என்றால் தண்ணீர், பெயர்ச்சொல். 'வாட்டர் தி பிளான்ட்ஸ்' என்றால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்று, வினைச்சொல். தமிழிலும் 'மலர்', 'படி' போன்ற சில சொற்கள் பெயராகவும் ஏவல் வினையாகவும் வரும். ஆனால் தமிழில் வினை முற்றாக வரும்போது பெரும்பாலும் காலமும் விகுதியும் ஏற்று, படித்தான், மலர்ந்தது என்று தன் அடையாளத்தைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கான சொற்கள் உருவம் மாறாமலே இரண்டு வேடம் போடும். 'பெர்மிட்', 'ரெக்கார்ட்' போன்ற சிலவற்றில், பெயரானால் முதல் அசையிலும் வினையானால் இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழும். அதைக் காதால் அறியலாம். மற்றவற்றை இடம் பார்த்தே அறிய வேண்டும். முன்னே 'ஏ', 'ஆன்', 'தி' என்ற சிறு சுட்டுகளில் ஒன்று வந்தால் பின்னே பெயர் வருகிறது என்று பொருள். எழுவாயில்லாமல் வாக்கியத்தின் தலையிலோ காற்புள்ளியை அடுத்தோ நின்று ஒரு காரியத்தைச் செய்யச் சொன்னால் அது வினை.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணாதீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன்.

1990 ஆம் ஆண்டு வாக்கில், நான் தொடக்கப்பள்ளியிற் படித்துக்கொண்டிருந்தேன். என் சித்தப்பா வேலைக்கு மனுப் போட்டு, நேர்முகத் தேர்வுக்கும் போய் வந்திருந்தார். ஒருநாள் ஆங்கிலத்திற் கடிதம் வந்தது. "அண்ணா, நீங்களே படித்துச் சொல்லுங்கள்" என்று என் தந்தையிடம் கொடுத்தார். தந்தையார் தமிழ் வழியிற் பள்ளியிறுதி வரை படித்தவர். ஊரில் எல்லோருக்கும் மனு எழுதித் தருபவர். கடிதத்தின் நடுவில் இந்த வாக்கியம் இருந்தது: "அன்லெஸ் யூ ஹியர் ஃப்ரம் அஸ், ரிப்போர்ட் ஆன் தி டென்த் அட் அவர் ஆபீஸ்."

தந்தையார் ஆங்கிலத் தமிழ் அகராதியை எடுத்தார். 'ஹியர்' என்றால் கேள்விப்படு. 'ரிப்போர்ட்' என்றால் அறிக்கை. 'அன்லெஸ்' என்பதைத் தேடவில்லை; சிறு சொல்தானே என்று விட்டுவிட்டார். "எங்களிடமிருந்து தகவல் வரும். பத்தாம் தேதி அறிக்கை எங்கள் அலுவலகத்தில் வெளியாகும் என்று போட்டிருக்கிறான், தம்பி. பொறுத்திரு" என்றார். சித்தப்பா பொறுத்திருந்தார். பத்தாம் தேதி போயிற்று, மாதமும் போயிற்று. பிறகு நேரே போய் விசாரித்தபோது, அந்த இடத்தில் அடுத்தவரை எடுத்துக்கொண்டுவிட்டதாகச் சொன்னார்கள். கடிதம் அனுப்பியவர்கள் மீது குற்றம் சொல்வதற்கில்லை. "எங்களிடமிருந்து வேறு தகவல் வந்தாலன்றி, பத்தாம் தேதி எங்கள் அலுவலகத்திற்கு வந்து சேரவும்" என்றே அவர்கள் எழுதியிருந்தார்கள்.

அந்த அகராதி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. 'ரிப்போர்ட்' என்ற சொல்லுக்கு நேரே, அறிக்கை என்ற பொருளுக்கு முன் 'என்' என்று ஒரு சிறிய எழுத்து. அது நௌன் என்பதன் சுருக்கம். நான்கு வரி தள்ளி 'வி' என்று ஓர் எழுத்து. அது வெர்ப் என்பதன் சுருக்கம். அதன் எதிரே 'வந்து ஆஜராகு' என்று தெளிவாகத் தமிழில் அச்சிட்டிருக்கிறது. அந்த இரண்டு எழுத்துகளும் எதற்கு என்பதை என் தந்தையாருக்கு ஒருவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. நௌன், வெர்ப் என்ற சொற்களை அவர் பள்ளியிற் கேட்டவர்தான்; அவை அகராதியின் சாவி என்பதை மட்டும் அறியவில்லை. சித்தப்பா பிற்பாடு பெங்களூரில் ஒரு சிறு தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டார், குடும்பமும் நடத்தினார். அண்ணன்மேல் அவர் ஒருபோதும் வருத்தம் காட்டியதில்லை. ஆனால் என் தந்தையார் அதற்குப் பின் எவருக்கும் ஆங்கிலக் கடிதம் படித்துச் சொன்னதில்லை.

ஆகையால் வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியவை சில.

முதலாவது, அகராதியைத் திறந்தால் பொருளைப் பார்ப்பதற்கு முன் அந்தச் சிறிய எழுத்தைப் பாருங்கள். ஒரு சொல்லுக்கு எத்தனை வகை கொடுத்திருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு உங்கள் வாக்கியத்தில் அச்சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டு, அந்த வகையின் கீழ் உள்ள பொருளை எடுங்கள். இன்று கைப்பேசியில் வரும் அகராதிகளிலும் இக்குறிப்பு உண்டு. இயந்திரம் மொழிபெயர்த்துத் தரும் இக்காலத்திலும் இது வேண்டியதே. இயந்திரமும் சில வேளைகளில் வகை மாற்றிப் பொருள் சொல்லக்கூடும். வகை தெரிந்தவனே அதைப் பிடிக்க முடியும்.

இரண்டாவது, சிறு சொற்களைத் தாண்டிப் போகாதீர்கள். பெரிய சொல் தெரியாவிட்டால் தெரியவில்லை என்பதாவது நமக்குத் தெரியும். சிறு சொல்லோ தெரிந்தது போலத் தோன்றி ஏமாற்றும். 'பை தி ஃபிஃப்டீன்த்' என்றால் பதினைந்தாம் தேதிக்குள். 'டில் தி ஃபிஃப்டீன்த்' என்றால் பதினைந்தாம் தேதி வரை. 'ஃப்ரம் தி ஃபிஃப்டீன்த்' என்றால் பதினைந்தாம் தேதி முதல். விண்ணப்பத்தில் இரு சான்றுகளுக்கு நடுவே 'அண்ட்' என்றிருந்தால் இரண்டையும் கொண்டுபோக வேண்டும். 'ஆர்' என்றிருந்தால் ஒன்றே போதும். 'இஃப்' என்றால் ஆனால். 'அன்லெஸ்' என்றால் ஆகாவிட்டால். கதவு பெரிது, கீல் சிறிது. கீல் இல்லாமற் கதவு திரும்புவதில்லை.

மூன்றாவது, குழந்தைக்கு மூன்று மொழிப் பெயர்களையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள். நௌன் என்றால் தமிழிற் பெயர்ச்சொல், தெலுங்கில் நாமவாசகம், இந்தியில் சஞ்ஞா. வெர்ப் என்றால் வினைச்சொல், கிரிய, கிரியா. அட்ஜெக்டிவ் என்றால் பெயரடை, விசேஷணம், விசேஷண். ஒரு நோட்டில் பத்தி பத்தியாக எழுதி வைத்தால் ஒரு பக்கத்துக்கு மேற் போகாது. நமக்குத் தெரிந்த தமிழ்ப் பெயரைச் சொல்லப் பெற்றோர்கள் கூச வேண்டியதில்லை. பள்ளியில் மதிப்பெண்ணுக்கு அது உதவாமலிருக்கலாம். ஆனால் வீட்டு மொழிக்கும் இலக்கணம் உண்டு, அதுவும் கணக்கோடு எண்ணப்பட்ட மொழிதான் என்பதைக் குழந்தை அறிந்துகொள்ளும். வெளி மாநிலத்தில் வளரும் பிள்ளைக்கு அந்த அறிவு சிறியதன்று.

அன்று மாலை என் மருமகள் அத்தகைய ஒரு பக்கத்தை எழுதினாள். இடப்புறம் நான்கு, நடுவில் ஐந்து, வலப்புறம் எட்டு; எது எதில் அடங்கும் என்று கோடுகள் இழுத்தாள். தமிழ்ப் பத்திக்குத் தாத்தாவே எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தார். எல்லாம் முடிந்த பிறகு அவள் அகராதியைக் கொண்டுவந்து, அவர் மடியில் வைத்து, "தாத்தா, ஏதாவது ஒரு சொல் கேளுங்கள், அது எத்தனை வகை என்று நான் சொல்கிறேன்" என்றாள்.

அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "ரிப்போர்ட்" என்றார்.

அவள் பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து, "இரண்டு, தாத்தா. ஒன்று நௌன், ஒன்று வெர்ப்" என்றாள்.

"இரண்டையும் படி" என்றார் என் தந்தையார்.